கதவைச் சாத்திவிட்டுச் சமைத்த அப்பா

சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் பெருஞ்சீரகமும் காய்ந்த எண்ணெயில் ஒன்றாக விழும்போது எழும்புகிற மணம் பெரிய பொய்க்காரி. பானையில் ஒன்றுமே இல்லாவிட்டாலும், படலையைத் திறந்துகொண்டு வருகிற ஆளிடம், இது நாலு கறியும் ஒரு தேங்காய்ப்பால் சொதியும் சமைத்து முடித்த வீடு என்று அது முன்னே போய்ச் சொல்லிவிடும். வேலை முடிந்து களைத்துப்போய் வருகிற நாட்களில், சமைக்கத் தொடங்குவதற்கு முன்னமே நான் முதலில் செய்வது இந்தத் தாளிப்பைத்தான். வீட்டில் பசியோடு இருப்பவர்கள் மணத்தை நம்பிக் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்கள், அந்த நேரத்துக்குள் உண்மையான சமையல் ஒரு வழிக்கு வந்துவிடும்.

அலுவலகத்தில் மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால் என்னுடைய மேசையைச் சுற்றி ஆட்கள் வந்துவிடுகிறார்கள். இணுவிலிலிருந்து பஸ்ஸில் வருகிற ஒரு பெண், போன வருடம் கலியாணம் முடித்தவள், ஒவ்வொரு நாளும் ஏதாவது கேட்பாள். "எப்பிடி அக்கா விடிய எழும்பி இவ்வளவும் செய்துபோட்டு வாறியள்? நான் புட்டு அவிச்சு முடிக்கவே பஸ் போயிடுது" என்பாள். ஞாயிற்றுக்கிழமையே கோதுமை மாவை அவித்து, அரித்து, பேணியில் போட்டு வைத்தால் கிழமை முழுக்கப் புட்டுக்குக் கவலையில்லை என்று சொல்லிக்கொடுப்பேன். சோறு கொதிக்கும்போதே கழுவின முட்டையையும் உருளைக்கிழங்கையும் அதே பானைக்குள் போட்டுவிடு, தனியாக அவிக்கத் தேவையில்லை என்பேன். சொதிக்குப் பால் விட்ட பிறகு அகப்பையை எடுக்காதே, பால் திரைந்துபோகும், துளாவிக்கொண்டே இரு, தேசிக்காய்ப் புளியை இறக்கிய பிறகு விடு என்பேன். அவள் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுவிட்டு, "உதெல்லாம் அம்மாட்டையோ அக்கா பழகினனீங்கள்?" என்பாள். நான் ஓம் என்று சொல்லிவிடுவேன். உண்மையைச் சொல்லத் தொடங்கினால் சாப்பாட்டு நேரம் போதாது, தவிர, சொல்லி விளங்கவைக்கிற அளவுக்கு எனக்கு இப்போதெல்லாம் தெம்பும் இல்லை.

உண்மை என்னவென்றால், இவற்றில் ஒன்றைக்கூட நான் அம்மாவிடம் பழகவில்லை. எல்லாம் அப்பாவிடமிருந்து வந்தவை. அதுவும் குருநகரில், கடற்கரையோடு ஒட்டின எங்கள் சின்ன வீட்டில், அவர் குசினிக் கதவைச் சாத்திவிட்டுச் சமைத்த ஒரு கொஞ்சக் காலத்தில் வந்தவை.

அப்போது சண்டை ஓய்ந்து, கடலுக்குப் போகிறவர்களை மறிக்கிறவர்கள் குறைந்திருந்தார்கள். அப்பாவும் கூட்டாளிகளும் பருவத்துக்குப் பருவம் தீவுப் பக்கம் போய், அங்கே கிடுகால் மறைத்த "வாடி" போட்டுத் தங்கி, கிழமைக் கணக்கில் தொழில் செய்துவிட்டு வருவார்கள். வாடியில் பெண்கள் கிடையாது. ஆண்களே முறை வைத்துச் சமைப்பார்கள். அப்பாவின் முறை வருகிற நாளில் பக்கத்து வாடிக்காரர்களும் கோப்பையோடு வந்து நிற்பார்களாம். ஆனால் அதே மனிதர் கரைக்கு வந்து வீட்டுப் படலையைத் திறந்துவிட்டால், சீனிப் பேணி எந்தத் தட்டில் இருக்கிறது என்றுகூடத் தெரியாதவராக மாறிவிடுவார். தேத்தண்ணி இருந்த இடத்துக்கு வரவேண்டும், சோற்றுக் கோப்பை கழுவித் துடைத்து முன்னால் வரவேண்டும். எங்கள் ஒழுங்கை வீடுகளில் எல்லா ஆண்களும் அப்படித்தான். கடலில் சமைப்பது தொழிலில் ஒரு பகுதி, கரையில் சமைப்பது மானக்கேடு. இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததாக நினைவில்லை, காற்றோடு எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

எனக்குப் பன்னிரண்டு வயதாகவும் தம்பிக்கு ஐந்து வயதாகவும் இருந்தபோது அம்மா காய்ச்சலில் படுத்தார், எழும்பவில்லை. செத்த வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்பதால் அயலெல்லாம் முறை வைத்துச் சாப்பாடு கொண்டுவந்தார்கள். பிறகு அது மெல்ல மெல்லக் குறைந்து ஒரு நாள் நின்றுபோனது. அவர்களைக் குறை சொல்ல முடியாது, அவர்களுக்கும் வீடு இருந்தது, பிள்ளைகள் இருந்தார்கள்.

அம்மாவின் தமக்கை, எங்கள் பெரியம்மா, இளவாலையிலிருந்து வந்து அப்பாவோடு கதைத்தது அந்த நேரத்தில்தான். நானும் தம்பியும் உள் அறையில் நித்திரையாகிவிட்டதாக நினைத்து அவர் குரலைத் தணிக்காமலே கதைத்தார்.

"தம்பியை நான் கொண்டுபோறன். பிள்ளையைக் கன்னியர் மடத்துப் போடிங்கிலை விடுவம், அங்கையே தங்கிப் படிக்கலாம், நல்லாப் பாப்பினம். நீர் கடலுக்குப் போனால் உதுகளுக்கு ஆர் ஒரு பிடி சோறு போடுறது?"

அப்பா, "முப்பத்தோராம் நாள் பூசை முடியட்டும், அக்கா. அதுக்குப் பிறகு பாப்பம்" என்றார்.

பெரியம்மா கெட்டவர் இல்லை. முழங்கால் வருத்தத்தோடு இரண்டு பஸ் மாறி வந்து எங்களுக்காக அழுத மனுசி. ஆனாலும், அம்மா போனதோடு ஒரு ஆள்தான் குறைந்திருந்தது. பெரியம்மா சொல்கிறபடி நடந்தால் அப்பா வாடியிலும், தம்பி இளவாலையிலும், நான் மடத்திலுமாக, வீடு என்று ஒன்றே இருக்காது. தம்பி படுக்கையில் என் பக்கம் திரும்பி, "போடிங் எண்டால் என்ன அக்கா?" என்று கேட்டான். நித்திரை கொள் என்று அவனை அதட்டினேன்.

அடுத்த நாள் காலையில் எழும்பிப் பார்த்தபோது அப்பா கடலுக்குப் போயிருக்கவில்லை. குசினிக் கதவு சாத்தியிருந்தது. யன்னலும் சாத்தியிருந்தது. கதவு இடுக்கால் புகை வந்துகொண்டிருந்தது, உள்ளே யாரோ நெஞ்சு வெடிக்க இருமுகிற சத்தமும் வந்தது. நான் கதவைத் தள்ளியதும் அப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கண் இரண்டும் சிவந்து, புகைக்குள் நின்றுகொண்டிருந்தார். "கதவைச் சாத்து, சாத்து. ஆம்பிளை அடுப்படியிலை நிக்கிறதை அயலண்டை கண்டால் சிரிப்பினம்" என்றார்.

அன்றிலிருந்து அதுவே எங்கள் வீட்டு வழக்கமாகிப்போனது. அப்பா தூரத் தொழிலை விட்டுவிட்டு, விடியற்காலையில் பக்கத்துக் களப்பில் வலை இழுத்துவிட்டு, வெயில் ஏறுமுன் வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு சமைப்பார். யாராவது படலையடியில் நின்று கூப்பிட்டால், கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, எதுவும் நடவாதவர் போல நின்று கதைப்பார். உள்ளே என்ன மணக்கிறது என்று கேட்டால், "பிள்ளை சமைக்கிறா" என்பார். அவருடைய பிள்ளையாகிய நான் அந்த நேரம் பின் வளவில், முருங்கை மரத்தின் கீழே, பள்ளிக்கூடக் கணக்குச் செய்துகொண்டிருப்பேன். நான் இருக்கிறது தெரிந்துவிடக்கூடாது என்று தலையைக் குனிந்துகொள்வேன். இப்படியாக ஊருக்கு நான் கெட்டிக்காரச் சமையற்காரி ஆனது, நான் ஒரு வெங்காயம்கூட உரிக்கத் தொடங்காத காலத்தில்.

முதல் சில நாட்கள் சாப்பாடு வாயில் வைக்க முடியவில்லை. கறியில் எல்லாம் இருந்தது. தூள் இருந்தது, புளி இருந்தது, மீன் நல்ல பச்சை மீன். ஆனால் ஏதோ ஒன்று அடியோடு இல்லை. எனக்கு விளங்க ஒரு நாள் எடுத்தது: உப்பு. தீவில் நல்ல தண்ணீர் தட்டுப்பாடு, அதனால் வாடியில் கறிக்குக் கடல் தண்ணீரையும் நல்ல தண்ணீரையும் கலந்துதான் விடுவார்களாம், உப்பு என்று தனியாக ஒன்றை அள்ளிப் போடுகிற பழக்கமே கிடையாது. அப்பா இங்கே கிணற்றுத் தண்ணீரை விட்டு, அதே கைப்பழக்கத்தில் இறக்கிவிட்டார். எனக்கு வெளியே சொல்லப் பயமாக இருந்தது. சொன்னால் அவர் மனம் உடைந்து சமையலை விட்டுவிடுவார், சமையலை விட்டால் பெரியம்மா வந்துவிடுவார் என்று கணக்குப் போட்டு, தம்பியையும் வாய் திறக்கக்கூடாது என்று மிரட்டி வைத்தேன். எனக்கு அதைவிடப் பயம் தந்தது வேறு ஒன்று. அப்பாவும் அதே சோற்றையும் அதே கறியையும்தான் எங்களோடு இருந்து சாப்பிட்டார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. பிசைந்து, விழுங்கி, கையைக் கழுவிவிட்டு எழும்பிப் போனார். அம்மா செத்தது அப்பாவை என்ன செய்திருக்கிறது என்று அவர் அழுததைப் பார்த்து எனக்கு விளங்கவில்லை, அந்தச் சாப்பாட்டைப் பார்த்துத்தான் விளங்கியது.

தம்பிக்கு என் மிரட்டல் இரண்டு நாள்தான் தாங்கியது. மூன்றாம் நாள் அவன் வேலிப் பொட்டுக்குள்ளால் புகுந்து பக்கத்து வீட்டு றெஜினாக்காவிடம் போய், "அக்கா, எங்கடை அப்பாவின்ரை கறிக்கு உப்புத் தாங்கோ" என்று கேட்டிருக்கிறான். றெஜினாக்கா புருசனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தவர், வாய் கொஞ்சம் நீளம் என்று பெயர் எடுத்தவர். அவர் ஒரு சிரட்டை நிறைய உப்போடு வந்து, சாத்தியிருந்த குசினி யன்னலைத் தட்டினார். உள்ளே சத்தம் அப்படியே நின்றுபோனது.

"அண்ணை, உப்பை யன்னல் விளிம்பிலை வைக்கிறன். இது வாடி இல்லை, கிணத்துத் தண்ணி" என்று சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார். அன்று மத்தியானம் கறி கறியாக இருந்தது. அப்பா முதல் கவளத்தை வைத்துவிட்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார், பிறகு சிரித்தார். அம்மா போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஊரெல்லாம் கதை காவுகிற றெஜினாக்கா இந்த ஒரு கதையை மட்டும் ஒருவரிடமும் சொல்லவில்லை.

உப்புச் சரியான பிறகு அப்பாவின் கை பழைய வாடிக் கையாகிவிட்டது. அவருடைய சமையலுக்கு இரண்டே சட்டம். ஒன்று, கழுவுகிற சட்டி குறையவேண்டும். மற்றது, விறகு வீணாக எரியக்கூடாது. மீனும் தூளும் புளியும் வெங்காயமும் பச்சைமிளகாயும் எல்லாவற்றையும் பச்சையாகவே ஒரே சட்டியில் "கூட்டி" அடுப்பில் வைத்துவிட்டு, கொதித்து வற்றுகிற நேரத்தில் தேங்காய் துருவிப் பிழிந்து பாலை விட்டு இறக்கிவிடுவார். பக்கத்து வீட்டு வானொலியில் செய்தி தொடங்கும்போது சட்டியை வைத்தால் செய்தி முடிய கறி தயார். முதற்பால் கறிக்கு, திரும்பவும் தண்ணீர் விட்டுப் பிழிகிற "கப்பிப்பால்" சொதிக்கு, பிழிந்த தேங்காய்ப்பூ வீண்போகாமல் மறுநாள் றொட்டிக்கு. வழுக்குகிற மீனின் செதிலைச் சுரண்டுமுன் கையில் சாம்பலைப் பூசிக்கொள்வார், மீன் கையை விட்டு ஓடாது. சமைத்த பிறகு பிழிந்த தேசிக்காய்க் கோதால் விரலைத் தேய்த்தால் மீன் வெடுக்குப் போய்விடும் என்பார். சோறு அடிப்பிடித்துவிட்டால் பானையைத் தூக்கி ஈர மணலில் வைத்துவிடுவார், கருகின மணம் மேலே ஏறாது. மிளகாய்த்தூள் பட்டுக் கை எரிந்தால் தண்ணீர் விடக்கூடாது, தேங்காய் எண்ணெய் பூசவேண்டும். உறைப்புக் கூடின கறிக்குப் பால், உப்புக் கூடின கறிக்கு இரண்டு துண்டு உருளைக்கிழங்கு. எனக்கு அவர் இதை ஒன்றும் சொல்லித் தரவில்லை. கிட்டப் போனால், "போய்ப் படி" என்று துரத்துவார். நான் கதவு இடுக்கால் பார்த்தேன், அவ்வளவுதான்.

அந்த நாட்களைச் சந்தோசமான நாட்கள் என்று சொல்ல எனக்கு இன்னமும் வெட்கமாக இருக்கிறது, அம்மா செத்து ஒரு மாதம்கூட ஆகாத நாட்கள் அவை. ஆனால் காலையில் கண் விழிக்கும்போது குசினிக் கதவு சாத்துப்படுகிற சத்தம் கேட்டால் என் உடம்பு இளகிவிடும். வீட்டில் ஒரு ஆள் எழும்பிவிட்டது, நான் எழும்பத் தேவையில்லை. பாயில் புரண்டு தம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் படுத்திருப்பேன். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது என்னுடைய கோப்பையில் சோறு போட்டு இன்னொரு கோப்பையால் மூடி வைத்திருக்கும். மீனில் முள்ளுக் குறைந்த நடுத்துண்டு எனக்கு, தம்பிக்கு முள்ளே இல்லாமல் உதிர்த்தது.

பெரியம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்த கையோடு வருவார். வந்ததும் நேரே குசினிக்குள் போய்ச் சட்டி மூடிகளைத் தூக்கிப் பார்ப்பார். அப்பா அந்த நேரம் பார்த்துக் கடற்கரைப் பக்கம் போய்விடுவார். முதல் ஞாயிறு மீன் சட்டியைப் பார்த்த பெரியம்மாவின் முகம் மாறியது. "மீனை உப்பிடிப் பெரிசு பெரிசா வெட்டுறது ஆர்? உது பொம்பிளைக் கை இல்லை" என்றார். வாடிக்கு வெட்டுகிற கணக்கில் அப்பா வெட்டியிருந்தார். அப்பா சமைக்கிறார் என்பது பெரியம்மாவின் மனதில் வரக்கூடிய விசயமாகவே இருக்கவில்லை, அதனால் அவர் வேறு முடிவுக்கு வந்தார். "கடையிலை வாங்கித் தின்னுறியள், என்ன? கடைச் சாப்பாட்டிலை பிள்ளையள் வளராது" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்பா வந்ததும் அவரிடமும் அதையே சொன்னார். அப்பா ஒரு வார்த்தை, நான்தான் அக்கா சமைக்கிறன் என்று ஒரு வார்த்தை, சொல்லியிருக்கலாம். அவர் சொல்லவில்லை. "பிள்ளைதான் சமைக்கிறா" என்றார். பெரியம்மா நம்பவில்லை.

முப்பத்தோராம் நாள் பூசைக்கு இன்னும் சில நாட்கள் இருந்தன. ஒரு சனிக்கிழமை காலை, களப்புக்குப் போன அப்பா காற்று மாறியதால் வரச் சுணங்கிவிட்டார். அடுப்பு ஆறிக் கிடந்தது. ஒழுங்கையில் விளையாடப் போன தம்பி மூச்சு வாங்க ஓடிவந்தான். "அக்கா, பெரியம்மா வாறா. வெறும் பையோடை வாறா."

வெறும் பை எங்கள் உடுப்புகளுக்கு என்பது அவனுக்குக்கூட விளங்கியிருந்தது. அடுப்பை மூட்டி, தாச்சியை வைத்து, எண்ணெய் விட்டு, வெங்காயத்தையும் கறிவேப்பிலையையும் பெருஞ்சீரகத்தையும் அள்ளிப் போட்டேன். பெரியம்மா படலையைத் திறந்து, கிணற்றடியில் கால் கழுவும்போதே மணம் அவரிடம் போய்விட்டது. "ஆர் பிள்ளை தாளிக்கிறது?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

"நான்தான், பெரியம்மா. இருங்கோ, சாப்பிட்டிட்டுப் போகலாம்" என்றேன்.

குசினிக் கதவை நான் சாத்தவில்லை. சாத்தவேண்டும் என்று எனக்கு நினைவே வரவில்லை, நான் பெண்தானே. பெரியம்மா வாசலில் ஒரு பலகையைப் போட்டு, முழங்காலைத் தடவிக்கொண்டு அமர்ந்து, நான் செய்கிற எல்லாவற்றையும் பார்த்தார். அரிசியைக் கழுவிப் போட்டேன். அது கொதித்ததும் முட்டைகளைக் கழுவி அதற்குள் விட்டேன். "உது என்ன பழக்கம்?" என்றார். "கெதியாய் முடியும், பெரியம்மா." திருவலையில் குந்தித் தேங்காய் துருவினேன். பாதிப் பூவைப் பிழிந்து, தாளித்ததோடு சேர்த்துச் சொதி வைத்தேன். மிச்சப் பூவைச் செத்தல் மிளகாயோடு இடித்துச் சம்பல் போட்டேன். சொதியைத் துளாவுகிறபோது, பால் திரைந்தால் தம்பி போய்விடுவான் என்று ஒரு நினைப்பு. பால் திரையவில்லை.

பெரியம்மா ஒரு கவளம் சாப்பிட்டார். இரண்டாவது கவளத்தில் அழத் தொடங்கிவிட்டார். "அவளின்ரை சொதி மாதிரியே இருக்கு" என்றார். அது அம்மாவின் சொதி இல்லை. அம்மா சொதிக்குப் பெருஞ்சீரகம் போடுவதே இல்லை, அது வாடிச் சொதி. மறுத்துச் சொல்ல எனக்கு மனமும் வரவில்லை, துணிவும் வரவில்லை. தம்பி என் பக்கத்தில் நெருக்கி இருந்துகொண்டு, பெரியம்மாவின் பையையே பார்த்தபடி சோறு தின்றான்.

அப்பா வந்தபோது வெயில் ஏறிவிட்டிருந்தது. பெரியம்மா அவரை வாசலிலேயே மறித்து, "நான் பிழையா நினைச்சிட்டன். உம்மடை பிள்ளை சொன்னபடி சமைக்கிறாள்தான். கண்ணாலை பாத்தன். இனிப் பயமில்லை, வீட்டிலை ஒரு பொம்பிளை இருக்கு. நீர் உம்மடை தொழிலைப் பாரும்" என்றார். அப்பா என்னைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார். அவருடைய முகத்தில் ஒரு பாரம் இறங்கியது எனக்குத் தெரிந்தது. "நான் சொன்னனான்தானே அக்கா" என்றார். வெறும் பை வெறும் பையாகவே இளவாலைக்குத் திரும்பிப் போனது. நானும் தம்பியும் அன்று பின் வளவில் குதித்த குதியில் முருங்கைப் பூவெல்லாம் கொட்டுண்டது. எங்களை யாரும் பிரிக்க முடியாது. நான் சமைத்து வீட்டைக் காப்பாற்றிவிட்டேன். பன்னிரண்டு வயதில் அதற்குமேல் எனக்கு என்ன தெரியும்.

அடுத்த நாள் காலையில் கண் விழித்தேன். குசினிக் கதவு சாத்துப்படுகிற சத்தத்துக்காகக் காத்துக்கொண்டு பாயில் கிடந்தேன். கொஞ்ச நேரம் போனது. முன் பக்கமிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"பிள்ளை, தேத்தண்ணி."

அவர் கோபமாகவோ அதிகாரமாகவோ சொல்லவில்லை. அம்மா இருந்த காலத்தில் எப்படிச் சொல்வாரோ, அதே மாதிரிச் சாதாரணமாகச் சொன்னார். நான் எழும்பிப் போனேன். அடுத்த பருவத்துக்கு அப்பா வாடிக்குப் போனார், இரவில் துணைக்கு றெஜினாக்கா வந்து எங்களோடு படுத்தார். வீடு ஓடியது. நாங்கள் பிரியவில்லை. தம்பி மெலியவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போகுமுன் சமைத்தேன், வந்து சமைத்தேன், சோதனைக் காலத்தில் ஒரு கையில் அகப்பையும் மறுகையில் புத்தகமுமாக நின்றேன். படித்தேன், வேலை எடுத்தேன், கலியாணம் முடித்தேன். விறகு போய் மண்ணெண்ணெய் வந்து, மண்ணெண்ணெய் போய்க் காஸ் வந்தது. அடுப்புக்கு முன்னால் நின்ற ஆள் மட்டும் மாறவில்லை.

இப்போது அந்த வீடு இல்லை, அந்த இடத்தில் யாரோ மாடி எழுப்பியிருக்கிறார்கள். பெரியம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். றெஜினாக்காவும் போய்விட்டார். தீவில் அப்பா ஆட்களின் வாடி இருந்த இடத்தில் இப்போது யாரும் தங்குவதில்லை என்று சொல்கிறார்கள். தம்பி பிரான்சில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையற்காரன். அங்கே ஆண்கள் சமைத்தால் சம்பளம் கொடுக்கிறார்கள். இடைக்கிடை வீடியோவில் அழைத்து, சொதி ஏன் திரைகிறது, கணவாய் மீன் ஏன் றப்பர் மாதிரி வருகிறது என்று கேட்பான். ஒரு முறை, இதெல்லாம் அப்பாவின் வேலை என்று சொன்னேன். "சும்மா இரு அக்கா, நீதானே சமைச்சனி" என்றான். ஐந்து வயதில் அவனுக்கு எவ்வளவு நினைவிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அப்பா இப்போது என்னோடு இருக்கிறார். கடலை விட்டுப் பல வருடம், கை மட்டும் இன்னமும் கயிறு மாதிரி முறுக்காக இருக்கிறது. போன கிழமை எனக்குக் காய்ச்சல். உடம்பெல்லாம் அடித்துப்போட்டது போல வலி, எழும்ப முடியாமல் படுத்துவிட்டேன். என்னுடைய மனுசன் கடையில் கொத்துறொட்டி வாங்கி வந்து எல்லாருக்கும் கொடுத்தார். மத்தியானம் அப்பா என் கட்டிலடியில் கதிரையைப் போட்டு அமர்ந்திருந்தார், என்னுடைய மகன் நிலத்தில் அமர்ந்து எழுதிக்கொண்டிருந்தான். காய்ச்சல் மயக்கமோ என்னவோ, இவ்வளவு வருடமும் கேட்காததைக் கேட்டுவிட்டேன்.

"அப்பா, அம்மா செத்த கையோடை நீங்கள் குசினிக் கதவைச் சாத்திப்போட்டு எங்களுக்குச் சமைச்சது ஞாபகம் இருக்கோ?"

மகன் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தான். அப்பா சிரித்தார்.

"ஆர், நானோ? நான் எப்ப பிள்ளை வீட்டிலை சமைச்சனான்? அம்மா போன நாளிலையிருந்து நீதானே சமைச்சனி. ஊருக்கே தெரியும்."

மறந்துவிட்டாரா, பேரன் இருப்பதால் மறைக்கிறாரா என்று அவருடைய முகத்தை உற்றுப் பார்த்தேன். அதில் பொய் இல்லை. ஊருக்குச் சொன்னதை அவரும் எப்போதோ நம்பிவிட்டிருக்கிறார். எனக்குக் கோபம் வரவில்லை, கோபப்படவும் உடம்பில் கொஞ்சம் பலம் வேண்டும். என் வாழ்க்கையில் நான் படுத்திருக்க, வேறொரு ஆள் எழும்பி எனக்காகச் சமைத்த காலம் அது ஒன்றுதான். அப்படி ஒரு காலம் இருந்தது என்று சொல்ல என்னைத் தவிர இப்போது ஒருவரும் இல்லை.

அப்பா என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். "காய்ச்சல் விட்டிட்டுது போலை. ஏலுமெண்டால் பின்னேரம் ஒரு சொதி வையன், பிள்ளை. கடைச் சாப்பாடு எனக்கு ஒத்துவரேல்லை" என்றார்.

ஓம் அப்பா என்று சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். பிறகு எழும்பினேன்.